படகில் ஏறிய நாற்காலி

"வார்த்தை தங்கமாட்டேங்குது," என்றார் கலியமூர்த்தி.

மெகருன்னிசா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த வார்த்தை சார்?"

"எதுவுமே."

பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இருநூற்று நாற்பது சொற்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், நடுவே அடிக்கோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. கையெழுத்து அச்சைப் போல இருந்தது.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய் நான்கு வருஷமாகிறது. உப்பங்கழிக் கரையில் வீடு. அந்தக் கழியில் எட்டுப் பேர் துடுப்புப் படகு ஓட்டிப் பிழைக்கிறார்கள். தண்ணீரிலேயே வளர்ந்து நிற்கிற சுரபுன்னைக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், சுற்றிக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. ஆங்கிலம் பேசத் தெரிந்தவருக்குத்தான் இனி உரிமம். ஒரு அதிகாரி வருவார். ஒவ்வொருவருடைய படகிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிப் பார்ப்பார். எட்டில் ஐந்து பேராவது தேறவேண்டும். தேறாவிட்டால் படகுத்துறை மோட்டார் படகுக் கம்பெனிக்குப் போய்விடும்.

எட்டுப் பேரும் வந்து கலியமூர்த்தி வீட்டு வாசலில் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

இது நடந்து இரண்டு மாதம். இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி.

"சேர்ந்து சொல்லச் சொன்னா இருநூத்தி நாப்பதும் மழை மாதிரி கொட்டறாங்க அம்மா. புரிஞ்சுதான்னு கேட்டா ஒரே குரல்ல புரிஞ்சுதுங்கறாங்க. தனியா எழுப்பி நிறுத்தினா ஒருத்தர் வாயும் திறக்க மாட்டேங்குது."

முந்தின நாள் நடந்ததையும் சொன்னார். வைரக்கண்ணு என்று ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது, ஊரிலேயே வாய்த்துடுக்கு அதிகம். வேருக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவளைக் கேட்டார். அவள் விரலை மடக்கி முதல் வார்த்தையிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். என்ன பண்ணுகிறாய் என்றார். "அது பதினேழாவது வார்த்தை சார். ஒண்ணுலேர்ந்து நடந்து வந்தாத்தான் வரும்" என்றாளாம்.

மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்துநாலு வயதிருக்கும். பரங்கிப்பேட்டையில் நூல், பட்டன் விற்கிற கடையின் மாடியில் ஓர் அறை. கணவர் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் அங்கே வந்து தைத்துக்கொண்டே ஆங்கிலம் கற்றார்கள். மூன்று மாதத்தில் பேசுகிறார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. கலியமூர்த்தி வந்தபோது மாடிப்படியில் சந்தை இரைச்சல் கேட்டது. வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று வாசலிலேயே கால் மணி நேரம் காத்திருந்தார். அந்த இரைச்சல்தான் வகுப்பு என்று பிறகு தெரிந்தது.

மெகருன்னிசா நோட்டை ஒரு முறை புரட்டினாள்.

"நேத்து வகுப்புல எத்தனை கேள்வி கேட்டிருப்பீங்க சார்?"

"அறுபதாச்சும் இருக்கும்."

"அதுல உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எத்தனை?"

கலியமூர்த்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கொஞ்சம் கோபம் வந்தது.

"தெரியாம ஒரு வாத்தியார் கேப்பாராம்மா?"

அவள் நோட்டை மூடி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க சார்."

பிறகு தையலில் குனிந்துகொண்டாள்.

*

திரும்பி வரும் பேருந்தில் கலியமூர்த்தி யோசித்துக்கொண்டே வந்தார். தனக்கு விடை தெரியாத கேள்வி. வீட்டில் ஒரு பழைய பொது அறிவுப் புத்தகம் இருந்தது. அதில் தனக்கே தெரியாத ஐந்து கேள்விகளைப் பொறுக்கி எடுத்தார். உலகத்தில் முதன்முதலாகத் துடுப்புப் போட்டவர் யார்? கடலின் எடை எவ்வளவு?

மறுநாள் படகுத்துறைக் கொட்டகையில் கேட்டார். எட்டுப் பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் எட்டு முகத்தைப் பார்த்தார். வெளியே ஒரு கொக்கு மட்டும் எதையோ சொல்லிவிட்டுப் பறந்தது.

அடுத்த வாரம் பரங்கிப்பேட்டைக்குப் போய், கேட்டுவிட்டேன் என்றார்.

"அவங்களுக்கு விடை தெரியுமா சார்?"

"எப்படித் தெரியும்?"

"உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. அப்புறம் ரெண்டு பேரும் என்னத்தைப் பேசுவீங்க?"

அவர் படியிறங்கினார்.

இந்த முறை வேறு மாதிரி செய்து பார்த்தார். ஒரு துடுப்பைத் தூக்கிப் பிடித்து, இது என்னவென்றே எனக்குத் தெரியாது, யாராவது சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

கொட்டகை குலுங்கியது.

"துடுப்பே தெரியாதவர்கிட்டயா ரெண்டு மாசமாப் படிச்சோம்," என்றாள் வைரக்கண்ணு. வகுப்பில் தமிழ் பேசினால் நிற்கவேண்டும் என்பது அவர் போட்ட விதி. சொல்லிவிட்டு அவளே எழுந்து நின்றுகொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரில் கழியை நன்றாக அறிந்தவர் அவர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுக்குள் போய் வந்துவிடுவார். ஆனால் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து கூட்டத்தோடு வாயசைத்ததைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. அன்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோற்றுப்போனவர் உட்கார்ந்திருப்பது போல.

அந்தப் பார்வை கலியமூர்த்தியோடு வீடுவரை வந்தது.

*

மூன்றாம் முறை அவர் போகவில்லை. மெகருன்னிசாவே வந்தாள்.

மத்தியானம். வெயிலுக்குப் பயந்து சுற்றுலாக்காரர்கள் வராத நேரம், அதுதான் வகுப்பு நேரம். கொட்டகைக்கு வெளியே குடையோடு நின்று, இருநூற்று நாற்பது சொற்களையும் ஒரே குரலில் கேட்டாள். துடுப்புப் போடுகிற தாளம் அதில் இருந்தது. கேட்க அழகாகவே இருந்தது.

பிறகு உள்ளே வந்தாள்.

கொட்டகையில் ஒரே ஒரு நாற்காலிதான். கை வைத்த தேக்கு நாற்காலி, பிரிவு உபசாரத்தில் சக ஆசிரியர்கள் கொடுத்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கினாள். கனமாக இருந்தது. இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடந்து, துறையில் கட்டியிருந்த மாசிலாமணியின் படகில் இறக்கி வைத்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"உட்காருங்க சார்," என்றாள்.

கலியமூர்த்தி கரையில் நின்றார்.

கழிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் இந்த ஐம்பத்தொன்பது வயதுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. படகில் ஏறியதில்லை. மனைவிக்கு அது தெரியும். தெரிந்த ஒருத்தியும் இப்போது இல்லை. ஊருக்குத் தெரியாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று இருந்தார்.

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் படகு ஆடியது. அவர் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்தார். படகு இன்னும் ஆடியது. வைரக்கண்ணு முன்பக்கம் தாவி ஏறினாள். மாசிலாமணி துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினார். நாற்காலியைப் பார்த்தார்.

"சேர்," என்றார். "நோ."

இரண்டு மாதத்தில் அவர் தனியாகப் பேசிய முதல் ஆங்கிலம் அது.

கலியமூர்த்தி நாற்காலியை விட்டு இறங்கிப் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தார். நாற்காலி கரைக்குத் திரும்பியது. படகு கிளம்பியது. மெகருன்னிசா குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிற்கிற பக்கம் நடந்தாள். என்ன ஆகிறது என்று நின்றுகூடப் பார்க்கவில்லை.

*

காட்டுக்குள் வாய்க்கால் குறுகியது. இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேலே கை கோத்துக்கொண்டன. தண்ணீர் பச்சையும் கறுப்புமாய் அசையாமல் கிடந்தது. அடி தெரியவில்லை.

கலியமூர்த்தி பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். திருப்பு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் இதுவும் வகுப்புதான். தமிழ் பேசினால் எழுந்து நிற்கவேண்டும். படகில் எங்கே எழுந்து நிற்பது?

"இஸ் இட் டீப்?" என்றார்.

குரல் அவருடையது போலவே இல்லை.

துடுப்பு நின்றது. மாசிலாமணி அவரைத் திரும்பிப் பார்த்தார். கலியமூர்த்தியும் அவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரமாயிரம் விடைகளைக் கேட்டிருக்கிறார். ஒரு விடைக்காக இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

மாசிலாமணி துடுப்பை நேராகத் தண்ணீரில் இறக்கினார். தரை தட்டியது. வெளியே எடுத்து, ஈரம் ஏறியிருந்த இடத்தைத் தன் முழங்காலோடு வைத்துக் காட்டினார்.

"நோ டீப், சார். டவுன்..." நிறுத்தினார். எதையோ தேடினார். அது இருநூற்று நாற்பதில் இல்லை. "சார், சேத்துக்கு என்ன?"

கலியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சொல் வேண்டும் என்று அவரிடம் வந்து கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. எல்லாம் அவரே கொடுத்தவை.

"மட்," என்றார்.

"மட்." மாசிலாமணி அதை வாயில் வைத்துப் பார்த்தார். "டவுன், மட். யூ ஃபால், யூ ஸ்டாண்ட்."

விழுந்தால் நிற்கலாம். இதைவிட நல்ல ஆங்கிலத்தைக் கலியமூர்த்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

"இவரு நின்னுடுவாரு, வேட்டி நிக்குமா?" என்றாள் வைரக்கண்ணு தமிழில். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. "சார், அழுக்குக்கு என்ன?"

"டர்ட்டி."

"வேட்டி டர்ட்டி," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். விரலை மடக்கவில்லை.

படகு நகர்ந்தது. பிறகு மாசிலாமணி, பின்னால் திரும்பாமலே, மெதுவாகக் கேட்டார்.

"சார் அஃப்ரெய்ட்?"

அந்தச் சொல் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டாவது. ஒன்றிலிருந்து நடந்து வரவில்லை. நேராக வந்தது.

"எஸ்," என்றார் கலியமூர்த்தி. "ஐ ஆம் அஃப்ரெய்ட்."

துடுப்பு நான்கைந்து தடவை தண்ணீரைத் தொட்டது.

"ஐ ஆல்சோ," என்றார் மாசிலாமணி. "வாட்டர், நோ. ஆபீசர்."

*

அதற்குப் பிறகு நோட்டு பெட்டிக்குள் போனது. நாற்காலி கரையிலேயே கிடந்தது. தினமும் ஒருவர் படகில் ஏறிக்கொண்டார் கலியமூர்த்தி. மற்றவர்கள் படகு பக்கத்தில் வரும்.

கேட்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. வேர்கள் ஏன் சேற்றுக்கு மேலே விரல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன? நீர் ஏறப்போகிறது என்று மூக்கால் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? மழைக்காலத்தில் இந்தப் பறவைகளெல்லாம் எங்கே போகின்றன? ஐம்பத்தொன்பது வருஷம் கரையில் இருந்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அவர்களுக்குத் தெரியும். சொல்லத்தான் வார்த்தை போதவில்லை. போதாதபோது கேட்டார்கள். கேட்டதை அவர் ஒரு புது நோட்டில் எழுதினார். இதில் சிவப்புக் கோடு இல்லை. வார்த்தைக்குப் பக்கத்தில் கேட்டவர் பேர் இருந்தது. சேறு, மாசிலாமணி. அழுக்கு, வைரக்கண்ணு. புளுகு, வைரக்கண்ணு. நண்டு வளை, தனவேல்.

எட்டுப் பேரில் செல்லக்கிளி என்று ஒரு பெண். பத்து நாளாக எதுவும் கேட்கவில்லை. பதினோராம் நாள் திரும்புகிற வழியில், புருஷன் செத்துப்போனவளை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கலியமூர்த்தி சொன்னார். அதை எழுதிவிட்டு, அதே வரியில், மனைவியை இழந்தவனுக்கு உள்ள சொல்லையும் சேர்த்து எழுதிக் காட்டினார்.

அவள் அதைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். துடுப்பை எடுத்தாள்.

இரண்டு சொல்லும் அவளுக்கு மறக்கவில்லை.

*

அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் இருபது கேள்விகள்.

முதல் படகு மாசிலாமணியுடையது.

கரையில் கலியமூர்த்தி தேக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. படகு வாய்க்காலுக்குள் போய் மறைந்தது. அரைமணி ஆயிற்று. வரவில்லை. முக்கால் மணி ஆயிற்று. தனவேல் மூன்று முறை தண்ணீர் குடித்தார். செல்லக்கிளி முந்தானையை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைச் சேத்துல எறக்கி விட்டுட்டாரோ என்னவோ," என்றாள் வைரக்கண்ணு. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் படகின் முனை தெரிந்தது.

அதிகாரி குறுக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். செருப்பு கையில் இருந்தது. முழங்கால் வரை சேறு. அட்டை எங்கோ பைக்குள் போயிருந்தது. மாசிலாமணி எதையோ சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டார். அதிகாரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கரை தட்டியது. அதிகாரி எழுந்திருக்கவில்லை.

"அண்ட் தென்? வாட் ஹாப்பண்ட்?" என்றார்.

"டுமாரோ கம், மேடம்," என்றார் மாசிலாமணி. "ஐ டெல்."

அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். கரையில் நின்ற ஏழு பேருக்கும் அந்தச் சிரிப்பு விளங்கியது. அதற்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி கேட்ட முதல் கேள்வி எது என்று கலியமூர்த்தி பிறகு விசாரித்தார். அந்த அம்மாள் எதுவும் கேட்கும் முன்னே படகு ஆட, தாளை விட்டுவிட்டுப் பலகையைப் பற்றிக்கொண்டாராம். மாசிலாமணி துடுப்பை நிறுத்திவிட்டுத் தான் முந்திக்கொண்டாராம். "மேடம் அஃப்ரெய்ட்?"

மாலைக்குள் எட்டுப் படகும் போய் வந்தன. ஏழு பேர் தேறினார்கள். தனவேல் மட்டும் தேறவில்லை. பதற்றத்தில் பழைய பட்டியலை ஒன்றிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்து, தடுக்கும்போதெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்தே தொடங்கி, தொண்ணூறைத் தாண்டும்போது அரைமணி முடிந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அவருக்கு இன்னொரு முறை உண்டு. அந்தத் தோல்வி தனவேலுடையதல்ல, தன்னுடையது என்று கலியமூர்த்தி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

படகுத்துறை அவர்களுக்கே நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஊரே துறைக்கு வந்தது. வைரக்கண்ணு தேக்கு நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு வந்து துறையின் நடுவில் போட்டு, சார் உட்காரவேண்டும் என்றாள். கலியமூர்த்தி உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால், முழங்கால். சேறு காலை வாங்கிக்கொண்டது. நின்றார்.

"சார் ஸ்டாண்ட்!" என்று கத்தினாள் வைரக்கண்ணு. எட்டுப் பேரும் ஆளுக்கொரு குரலில், ஆளுக்கொரு வார்த்தையில் கத்தினார்கள். பரங்கிப்பேட்டை மாடிப்படியில் கேட்ட அதே சந்தை இரைச்சல்.

*

மறுநாள் கலியமூர்த்தி அந்த மாடிப்படி ஏறினார். இந்த முறை வாசலில் காத்திருக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே நேராக உள்ளே போனார்.

மெகருன்னிசா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரியின் சேற்றுக் காலைச் சொல்லும்போது அவள் ஊசியைக் கீழே வைத்தாள். தனவேலுக்காக வருத்தப்பட்டாள். புது நோட்டை வாங்கி, செல்லக்கிளியின் பேர் இருந்த வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"அம்மா," என்றார் கலியமூர்த்தி. "ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நான் தண்ணிக்குப் பயந்தவன்னு எங்க ஊர்லயே யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மெகருன்னிசா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியாதே சார்," என்றாள். "அது எனக்கும் விடை தெரியாத கேள்விதான். தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு நாற்காலியைத் தூக்கறேன்?"